கோப்பை இல்லாத சாசர்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பூசையறையில் விபூதி இருந்தது ஒரு பிரெஞ்சு சாசரில். மற்ற வீடுகளில் பித்தளைச் சம்புடமோ மரக்கிண்ணமோ இருக்கும். எங்களுக்கு மட்டும் வெள்ளை வெளேரென்று, விளிம்பை ஒட்டி இளஞ்சிவப்புப் பூக்கொடி ஓடும் பீங்கான். அதன் கோப்பை எங்கே என்று கேட்டால் ஆச்சி, "ரங்கூன்ல இருக்கு" என்பாள். ரங்கூன் என்னவோ தெற்கு பஜாருக்கு அடுத்த தெரு என்பது போல இருக்கும் அவள் சொல்லும் விதம்.

தாத்தா அங்கே ஓர் அரிசிக் கம்பெனியில் கணக்கர். 1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்ட பிறகு, பர்மாவிலிருந்து நடந்தும் படகேறியும் தப்பிய ஏறத்தாழ 5 லட்சம் இந்தியர்களில் அவரும் ஒருவர். அந்த நடையைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. 1946இல் திரும்பிப் போனார். அடுத்த வருடம் ஆச்சியைக் கூட்டிக்கொண்டார். அப்போது வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். பர்மாவுக்கு 1948 ஜனவரி 4இல் சுதந்திரம் என்று முடிவானதும், அவர்கள் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வரத் தொடங்கின. தாத்தா ஒரு மரப்பெட்டி நிறையப் பீங்கானை 25 ரூபாய்க்கு எடுத்தார். ஒரு மாதச் சம்பளத்தில் கால்வாசி அது என்று ஆச்சி சொல்வாள். ஆனாலும் கொள்ளை மலிவு என்று அவளே சேர்த்துக்கொள்வாள்.

பெட்டியை ஆச்சி வாசலிலேயே தடுத்துவிட்டாள். இங்கிலீஷ் பீங்கானில் எலும்பைப் பொடித்துப் போடுகிறார்கள் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். சைவ வீட்டில் அதற்கு இடமில்லை. ஏதோ பஞ்சாயத்துப் பேச்சு என்றுதான் சிறுவயதில் நினைத்திருந்தேன். பிறகு தெரிந்தது, அது உண்மை. ஆங்கிலேயர்களின் 'போன் சைனா'வில் ஏறக்குறைய பாதி, மாட்டெலும்பைச் சுட்ட சாம்பல். பிரான்சின் லிமோஜ் பீங்கானில் எலும்பு கிடையாது. கேயோலின் என்னும் வெள்ளைக் களிமண்ணும் பாறைப்பொடியும்தான். அதைத் தாத்தா எப்படியோ விசாரித்து வைத்திருந்தார். "இது பிரான்சு. வெறும் மண்ணு. நம்ம சட்டி பானை மாதிரி" என்று சொல்லிச் சொல்லித்தான் பெட்டி உள்ளே போயிற்று. அப்படியும் அடுக்களைக்குள் விடவில்லை. முன்னறைக் கண்ணாடி அலமாரியில் நின்றது. விருந்தாளிகளுக்குத் தேநீர் கொடுக்க மட்டும் எடுப்பாள்.

பதினேழு வருடம் அங்கே இருந்திருக்கிறது அந்தப் பெட்டி. 1964 மார்ச்சில் நே வின் அரசு கடைகளைத் தேசியமயமாக்கியது. மே 17ஆம் தேதி 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றது. தாத்தாவின் சேமிப்பு நூறு சாட் நோட்டுகளாக இருந்தது. அந்த வருடக் கடைசியில் கப்பல் ஏறினார்கள். அப்பாவுக்கு அப்போது 12 வயது. துறைமுகத்தில் சோதித்தவர்கள் ஆச்சியின் மூக்குத்தியைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அரிசி டின்னைக் கிளறிய கைக்குச் சாசர் தட்டுப்பட்டிருக்கிறது. வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிப் போட்டுவிட்டார்களாம். அதை டின்னுக்குள் வைத்தது அப்பா. ஏன் வைத்தீர்கள் என்று பல தடவை கேட்டிருக்கிறேன். "சின்னதா இருந்துச்சு, வச்சேன்" என்பதுதான் பதில்.

மற்றதெல்லாம்? "பக்கத்து வீட்டம்மாகிட்ட கொடுத்துட்டு வந்தேன்" என்பாள் ஆச்சி. விற்றாளா, சும்மா தந்தாளா, பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒப்படைத்தாளா? 'கொடுத்தேன்' என்ற சொல்லுக்குள் மூன்றும் அடங்கும். அவளும் விளக்கியதில்லை.

2003இல் முதுகலை படிக்க லியோன் போனேன். பிரான்சில் ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவை அடைத்துப் பழைய சாமான் விற்பார்கள். 'வீத் கிரனியே' என்று பெயர். பரணைக் காலி செய்தல் என்று அப்படியே தமிழில் சொல்லலாம். அங்கே ஒரு கிழவரின் அட்டைப்பெட்டியில் எங்கள் விபூதி சாசரின் ஒன்றுவிட்ட தம்பி போல ஒன்று கிடந்தது. இரண்டு யூரோ. புரட்டிப் பார்த்தேன். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் தட்டைப் புரட்டிப் பார்க்கும் கெட்ட பழக்கம் வந்துவிட்டது. சோறு போடுவதற்கு முன்பே புரட்டிவிட வேண்டும் என்பது மட்டும் கற்றுக்கொண்ட நாகரிகம்.

பீங்கானின் முகவரி அதன் முதுகில் இருக்கிறது. லிமோஜ் சாமான்களில் பெரும்பாலும் இரண்டு முத்திரைகள். மெருகுக்கு அடியில் பச்சையாக இருப்பது வெள்ளைச் சாமானைச் செய்த ஆலையுடையது. மெருகின் மேல் சிவப்பிலோ வேறு நிறத்திலோ இருப்பது பூ வரைந்த பட்டறையுடையது. இரண்டும் வேறு வேறு இடமாக இருக்கலாம். எங்கள் சாசரில் இரண்டுமே ஹாவிலண்ட் கம்பெனி. டேவிட் ஹாவிலண்ட் பிரெஞ்சுக்காரர் இல்லை, நியூயார்க்கில் பீங்கான் வியாபாரம் செய்தவர். 1840களில் லிமோஜுக்குக் குடிபெயர்ந்து, அமெரிக்கர்களுக்குப் பிடித்த மாதிரி அங்கேயே செய்வித்து ஏற்றுமதி செய்தார். லிங்கன் காலத்து வெள்ளை மாளிகைக்கு 1861இல் வாங்கிய விருந்துச் செட்டின் வெள்ளைத் தட்டுகள் இவர்களுடையவை. பிறகு மகன்களுக்குள் பிணக்கு. 1890களின் தொடக்கத்தில் தியோடோர் ஹாவிலண்ட் பிரிந்துபோய்த் தன் பெயரில் தனி ஆலை வைத்தார். ஆகவே ஹாவிலண்ட் கம்பெனியும் தியோடோர் ஹாவிலண்டும் ஒன்றில்லை. நம் ஊர் அல்வாக் கடை அண்ணன் தம்பி விவகாரம் போலத்தான். சேகரிப்பவர்களுக்கு இது பாலபாடம்.

இந்த மண்ணுக்கு ஒரு கதை உண்டு. லிமோஜுக்குத் தெற்கே சான்-தீரியே என்ற ஊரில், 1768 வாக்கில், ஒரு மருத்துவரின் மனைவி துணி வெளுக்க நல்ல வெள்ளை மண்ணாக இருக்கிறதே என்று எடுத்து வந்தாளாம். நாம் உவர்மண் எடுத்ததைப் போல. அதுவரை பிரான்சில் கிடைக்காமல் தேடிக்கொண்டிருந்த கேயோலின் அதுதான். ஏறக்குறைய 1,400 டிகிரி சூளையில் வெந்து வரும் அந்த மண்ணை வெளிச்சத்தில் பிடித்தால் பின்னால் இருக்கும் விரல்களின் நிழல் தெரியும். நகத்தால் சுண்டினால் மணி போல் நீண்டு ஒலிக்கும். விரிசல் இருந்தால் ஒலி சட்டென்று செத்துவிடும். விளிம்பின் தங்கக்கோடு மட்டும் சூளைக்குக் கடைசியாகப் போவது. மெருகின் மேல் நிற்பதால் தேய்ந்துவிடும். தங்கம் முழுதாக இருந்தால் அந்தத் தட்டு அலமாரியில் வாழ்ந்தது. தங்கம் போயிருந்தால் யாரோ அதில் சாப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் சாசரில் தங்கம் துளியும் இல்லை. அது விபூதி தொட்ட விரல்களின் வேலை.

2015இல் வேலையாக யாங்கோன் போக நேர்ந்தது. ஒரு வங்கியின் பழைய கணக்குப் பதிவுகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும் வேலை. பெட்டியில் சட்டை துணியோடு சாசரின் புகைப்படங்களையும் எடுத்துக்கொண்டேன். முன்பக்கம், பின்பக்கம், அளவுகோல் வைத்து ஒன்று.

1931 கணக்கெடுப்பில் பாதிக்கு மேல் இந்தியர்கள் இருந்த ஊர் இது. இன்று அநோரதா சாலையில் காளியம்மன் கோயிலைச் சுற்றி அதன் மிச்சத்தைப் பார்க்கலாம். தோசை 'தோஷே' ஆகியிருக்கிறது, சமோசாவை வெட்டிப் போட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். முகல் தெரு இப்போது ஷ்வேபொந்தா தெரு. செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த வட்டாரம். ஒவ்வொரு மாடியிலிருந்தும் தெருவரை ஒரு கயிறு தொங்குகிறது. நுனியில் ஒரு கிளிப். கீழே வருபவர் பத்திரிகையையோ தயிர்ப்பையையோ மாட்டி ஆட்டினால், மேலே இருப்பவர் இழுத்துக்கொள்வார். ஆச்சி சொல்லிக் கேட்டபோது இட்டுக்கட்டுகிறாள் என்று நினைத்த விஷயங்களில் இதுவும் ஒன்று.

போஜோ சந்தையில், அதாவது பழைய ஸ்காட் மார்க்கெட்டில், பழம்பொருள் கடைகள் உண்டு. ஒருவர் பூப்போட்ட தட்டை எடுத்துக் காட்டி, "மண்டலே அரண்மனை. தீபா மன்னர் சாப்பிட்டது" என்றார். கேட்கவே நன்றாக இருந்தது. தீபாவின் அரசவை பிரான்சோடு உறவாடியது உண்மை. 1885 ஜனவரியில் பாரிஸில் ஓர் ஒப்பந்தம்கூட ஆனது. ஆங்கிலேயர்களுக்கு அது பொறுக்காமல் அந்த நவம்பரிலேயே படையெடுத்து, மன்னரைக் கப்பலேற்றி முதலில் கொண்டுபோன இடம் நம் சென்னை. பிறகுதான் ரத்னகிரி. ஆனால் தட்டின் முதுகில் 'பிரான்ஸ்' என்று இருந்தது. அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டப்படி 1891 முதல் அங்கே இறங்கும் சரக்கில் நாட்டின் பெயர் பொறித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஏற்றுமதிப் பீங்கானில் இந்தச் சொல் வழக்கமாக வருகிறது. தட்டு பிறப்பதற்குள் தீபா ரத்னகிரியில் ஐந்தாறு வருடம் கழித்திருப்பார். இதைச் சொன்னால் கடைக்காரருக்கு வருத்தம், எனக்கும் ஒரு லாபமும் இல்லை. ஆனாலும் சொன்னேன். இந்த மாதிரி நேரங்களில் ஏற்படும் சின்னக் கர்வத்தை இங்கே பதிவு செய்துவிட வேண்டும். பின்னால் தேவைப்படும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயிருப்பவர்களுக்கு வேறொரு காட்சி நினைவுக்கு வரும். பர்மாத் தேக்கு, மங்குச் சாமான்கள், இனாமல் தூக்குகள், சீர் வரிசைக்கென்று டஜன் டஜனாக வாங்கிய கிண்ணங்கள். அவை பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் சம்பாதித்து ஊருக்கு அனுப்பியவர்களின் பொருட்கள். பாகப்பிரிவினையால் தெருவுக்கு வந்தவை. யாங்கோனில் கிடைப்பவை அனுப்ப முடியாமல் போனவை. கனமானவை, உடையக்கூடியவை. ஒரு மனிதன் இரண்டு கையோடு ஊரை விட்டுக் கிளம்பும்போது முதலில் தள்ளி வைப்பவை. நான் அங்கே வாங்கிய ஒவ்வொரு தட்டும் யாரோ ஒருவர் எடுத்துப் பார்த்து, யோசித்து, கீழே வைத்துவிட்டுப் போனது.

கோயிலில் பழகிய ஒருவர் மூலம் அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். மூன்றாவது மாடி. எழுபது வயதுக்கு மேல். பேசும்போது வாக்கியம் தமிழில் தொடங்கிப் பர்மியத்தில் முடியும். தட்டை 'பகன்' என்றார். மலாயில் பிங்கான், யாழ்ப்பாணத்தில் பீங்கான் என்றாலே தட்டு. எங்கேயோ ஒரே கப்பலில் போன சொற்கள் போல இருந்தன காதுக்கு.

கட்டிலுக்கு அடியில் மூன்று மரப்பெட்டிகள். பர்மியச் செய்தித்தாள் சுற்றிய பீங்கான்கள். "எங்க அம்மா வாங்குனதுங்க இல்ல தம்பி. 64ல போனவங்க வெச்சுட்டுப் போனது. ரெண்டு வருஷத்துல வந்துடுவோம்னு சொன்னாங்க." ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு இருந்திருக்கிறது, யாருடையது என்று. கரையான் அரித்துவிட்டது. அவருடைய அம்மா இருந்தவரை வாய்க்கணக்காகத் தெரியும். அம்மா போன பிறகு அதுவும் போயிற்று. "விக்கலையா?" என்று கேட்டேன். "அடுத்தவங்க சாமான எப்படி விக்கிறது?" என்று என்னைக் கொஞ்சம் வினோதமாகப் பார்த்தார்.

பெரும்பாலும் ஆங்கிலச் சாமான்கள், சில ஜப்பானியவை. இரண்டாம் பெட்டியில் ஒரு தட்டு. இளஞ்சிவப்புப் பூக்கொடி. எடுத்தபோது கை நடுங்கியதைச் சொல்ல வெட்கமில்லை. ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பிடித்தேன், விரல் நிழல் தெரிந்தது. சுண்டினேன், ஒலித்தது. புரட்டினேன். தியோடோர் ஹாவிலண்ட், லிமோஜ், பிரான்ஸ்.

தம்பியின் ஆலை. விளிம்பின் நெளிவும் வேறு, கொடி ஓடும் திசையும் வேறு. இந்தப் பூக்கொடிகள் ஆயிரக்கணக்கான வகைகளில், பார்த்தால் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். ஒமாஹாவில் ஆர்லின் ஷ்லைகர் என்ற பெண்மணி அவற்றுக்கு எண் போட்டுப் பல தொகுதிகளாக வெளியிட்டார். இன்றும் உடைந்த செட்டுகளை ஜோடி சேர்ப்பவர்கள் ஷ்லைகர் எண்ணைத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். எங்கள் சாசரின் எண் எனக்கு மனப்பாடம். இந்தத் தட்டு அது இல்லை என்று எனக்கு அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

"உங்க ஆச்சியோடதா தம்பி?"

கண்கள் என் முகத்தில் இருந்தன. ஐம்பது வருடத்துக்கு மேல் கட்டிலுக்கு அடியில் காத்திருந்த பெட்டிகளுக்கு முதல்முறையாக ஒருவன் வந்திருக்கிறான்.

"இருக்கலாம்" என்றேன்.

அவர் அழுதார். முந்தானையால் தட்டைத் துடைத்து, ஒரு பழைய லுங்கித் துணியில் சுற்றிக் கொடுத்தார். பணத்தை எடுத்ததும் கையைத் தட்டிவிட்டார். "உங்க சாமானுக்கு நீங்களே காசு குடுப்பீங்களா?"

என் தொழிலில், பொருந்தாத இரண்டு பதிவுகளைப் பொருந்துகிறது என்று குறித்துவிட்டு எழுந்து போகிறவனை வேலையில் வைத்திருக்க மாட்டார்கள். முன்தினம் தீபா மன்னர் தட்டு விஷயத்தில் கடைக்காரருக்குச் சுங்கச் சட்டம் போதித்தவன் நான். அந்த அம்மாவின் சந்தோஷத்துக்காகச் சொன்னேன் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி நிஜம். மீதிப் பாதி, தியோடோர் ஹாவிலண்ட் தட்டு, விரிசல் இல்லை, தங்கம் முழுதாக இருந்தது.

ஊருக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்தார். "இது நம்மோடது இல்லையே" என்றார். புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. பன்னிரண்டு வயதுவரை தினமும் அலமாரியில் பார்த்த பூ. எனக்கு ஷ்லைகர் எண் தேவைப்பட்ட இடத்தில் அவருக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. பிறகு ஆச்சி அந்தப் பக்கத்து வீட்டம்மாவிடம் செட்டை என்ன செய்தாள் என்று கடைசியாக ஒருமுறை கேட்டேன். "அரை மூட்டை அரிசிக்கு வித்தா. கப்பல் வர்ற வரைக்கும் சாப்பிடணும்ல" என்றார். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்றால், "நீ கோப்பை எங்கேன்னுதான் கேட்ப" என்றார்.

2021 பிப்ரவரி 1க்குப் பிறகு யாங்கோன் போகவில்லை. அந்த அம்மாவின் பேரன் அவ்வப்போது செய்தி அனுப்புவான். கடைக்காரர்கள் பலர் படங்களை அனுப்பத் தொடங்கினார்கள். முழு செட்டுகள், நான் வருடக்கணக்கில் தேடிய மூடியோடு கூடிய சூப் கிண்ணங்கள். சாட் விழ விழ, என் கையிலிருக்கும் பணத்துக்கு எல்லாம் மலிவாகிக்கொண்டே வந்தது. 25 ரூபாய்க்கு மரப்பெட்டியோடு வீட்டுக்கு வந்த தாத்தாவின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்திருக்கிறேன். ஐந்து வருடத்துக்கு முன்பு அதே மண்ணிலிருந்து வெறுங்கையோடு நடந்தவர் அவர். இரண்டு கிண்ணங்கள் வாங்கினேன், பேரம் பேசாமல். பேரம் பேசாததை ஒரு பெரிய காரியமாக நினைத்துக்கொண்டேன்.

2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். பேரனுக்கு 23 வயது. ஏப்ரலில் பாங்காக் வந்து சேர்ந்தான். நான் வேலையாக அங்கே இருந்த வாரத்தில் சந்தித்தோம். முதுகுப்பையிலிருந்து லுங்கியில் சுற்றிய ஏழு தட்டுகளை எடுத்து மேசையில் வைத்தான். சட்டை துணியைக் குறைத்துக்கொண்டு இவற்றைக் கொண்டு வந்திருந்தான். பாட்டி குரல் செய்தி அனுப்பியிருந்தார்: "தம்பி, இத உங்ககிட்ட வெச்சுக்குங்க. கேட்டு வர்றவங்களுக்குக் குடுங்க. பேரன் திரும்பி வர்றப்ப மிச்சத்த அவன்கிட்ட குடுங்க." பெட்டிகளில் பாக்கி இன்னும் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறது. அவரும் அங்கேயேதான் இருக்கிறார்.

அன்று இரவு அவரைக் கூப்பிட்டேன். இணைப்பு இரண்டு முறை அறுந்தது. எட்டு வருடத்துக்கு முன்பு வாங்கிப்போன தட்டு எங்கள் ஆச்சியுடையது இல்லை என்றும், அது அப்போதே எனக்குத் தெரியும் என்றும் சொன்னேன். நெடுநேரம் சத்தமில்லை. மறுபடி அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

"உடையாம இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கும்மா."

"அப்ப அதையும் எழுதி வெச்சுக்குங்க. சீட்டு பத்திரம். கரையான் வராம பாத்துக்குங்க."

கணினியில் ஒரு கோப்பும், காகிதத்தில் ஒரு பிரதியுமாக வைத்திருக்கிறேன். முதுகு முத்திரை, விட்டம், விளிம்பின் நெளிவு, எந்தப் பெட்டி. 'யாருடையது' என்ற பத்தி எல்லாத் தட்டுகளுக்கும் காலி. எட்டாவது வரிசையில் தியோடோர் ஹாவிலண்ட் தட்டு. 1964இல் முகல் தெருவை ஒட்டிய தெருக்களில் பீங்கானை வைத்துவிட்டுக் கிளம்பிய குடும்பம் உங்களுடையது என்றால், உங்கள் வீட்டில் கோப்பையோ சாசரோ ஏதாவது தனியாக மிஞ்சியிருந்தால், முதுகைப் படமெடுத்து இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். முதுகு மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை. பூ நினைவிருக்கிற பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால் போதும்.